பழைய பிக்அப்பில் ஸ்டீயரிங் ஆட்டம்: பாக்ஸைக் கடைசியில் தொடுங்கள்

ஸ்டீயரிங் ஆடுகிறது என்று சொல்லி ஒரு பிக்அப்பைப் பட்டறையில் விட்டால், பெரும்பாலும் முதலில் கை போவது ஸ்டீயரிங் பாக்ஸின் (ஸ்டீயரிங் தண்டு சுழல்வதைச் சக்கரம் திருப்பும் அசைவாக மாற்றும் பற்சக்கரப் பெட்டி) மேல் இருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்குரூவுக்குத்தான். லாக் நட்டைத் தளர்த்தி ஸ்குரூவை ஒரு முறுக்கு முறுக்குவார்கள். ஆட்டம் குறைந்ததாகத் தெரியும். பிறகு வளைவில் திருப்பிவிட்டுக் கையை விட்டால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. தேய்ந்த ஜாயிண்ட் தேய்ந்தபடியே இருக்கும். நன்றாக இருந்த பாக்ஸும் கூடவே கெடும்.

என்னுடையது உடுமலைப் பக்கம் தேங்காயும் காய்கறியும் ஏற்றும் பழைய டீசல் பிக்அப். முன்பக்கம் ஒரே நீள அச்சு, அதைத் தாங்கும் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), சக்கரம் திரும்புவதற்கு அச்சின் இரு முனையிலும் முளைபோல் நிற்கும் கிங் பின் உள்ள வகை. நான் பார்த்துச் சரிசெய்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஜாக்கி வைப்பதும் சக்கரம் கழற்றுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தேவையானவை

காற்று அளக்கும் கேஜ், அளவு நாடா, சாக்பீஸ், டார்ச், ஒரு கடப்பாரை அல்லது நீளமான டயர் லிவர், ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, ஸ்டீயரிங்கை ஆட்டிக் கொடுக்க ஓர் ஆள். ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் வைப்பவர்கள் இந்தப் பக்கத்தை இப்போதே மூடிவிடலாம். அந்தக் கல் சொல்லாமல் நொறுங்கும். கம்ப்யூட்டர் அலைன்மென்ட் இப்போது வேண்டாம். தேய்ந்த ஜாயிண்டோடு அலைன்மென்ட் பார்ப்பது காசுக்குக் கேடு. அங்கே வைத்த அளவு அடுத்த பள்ளம் வரைகூட நிற்காது.

1. ஆட்டமா, அலைச்சலா?

இரண்டும் வேறு. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் டயர் அசையவில்லை என்றால் அது ஆட்டம். ஸ்டீயரிங் இறுக்கமாகவே இருக்கிறது, ஆனால் வண்டி நேராக ஓடாமல் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருக்கிறது என்றால் அது அலைச்சல். அலைச்சலுக்கு எந்த ஜாயிண்டும் தேய்ந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

வண்டியைச் சமதளத்தில், சக்கரங்கள் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். பவர் ஸ்டீயரிங் என்றால் இன்ஜின் ஓட வேண்டும்; ஓடாதபோது தெரியும் அசைவு உங்களை ஏமாற்றும். முன்டயரைப் பார்த்துக்கொண்டே ஸ்டீயரிங்கை மெதுவாக இடப்பக்கம் திருப்பி, டயர் அசையத் தொடங்கும் இடத்தில் வளையத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். வலப்பக்கமும் அப்படியே. இரண்டு கோட்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் ஆட்டம்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி, ஸ்டீயரிங்கில் இந்த ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் அது சுமார் 10 சென்டிமீட்டர். எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) அது போதும். நெடுஞ்சாலையில் எதிரே பஸ் வரும்போது எனக்குப் போதாது. 3 சென்டிமீட்டரைத் தாண்டினாலே தேடத் தொடங்கிவிடுவேன்.

2. டயரும் காற்றும்

வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்றை அளந்து, இரண்டு முன்டயரிலும் ஒரே அளவு வையுங்கள். ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல் என்று கலந்திருந்தால் அலைச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டாம். கைமாறி வந்த வண்டிகளில் இது அடிக்கடி இருக்கும். டயரின் முகத்தைக் குறுக்குவாட்டில் உள்ளங்கையால் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம் போலக் கையைப் பிடித்தால் டோ அளவு, அதாவது இரு முன்சக்கரமும் முன்னால் ஒன்றை ஒன்று நோக்கியோ விலகியோ நிற்கும் அளவு, தவறியிருக்கிறது.

ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும். தார்ப்பாய் கட்டிய வண்டி அந்தக் காற்றில் அலையத்தான் செய்யும். ஓட்டிப் பார்ப்பதைக் காற்று எழும் முன் விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. தரையில் நிற்கும்போதே ஆட்டிப் பார்ப்பது

என்னை அதிகம் சுற்றவிட்ட படி இது. ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டியபோது எல்லாமே நன்றாக இருப்பதாகத் தெரிந்தது. காரணம் எளிது. தூக்கி நிறுத்திய சக்கரம் சிறு விசைக்கே திரும்பிவிடும். ஜாயிண்டில் இருக்கும் இடைவெளி வெளியே தெரிய வாய்ப்பே இல்லை. டயர் தரையில் அழுந்தி, திரும்ப மறுக்கும்போதுதான் தேய்ந்த ஜாயிண்ட் தன்னைக் காட்டும்.

ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். உதவியாளர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக, டயர் அசையத் தொடங்கும் அளவுக்கு மட்டும் விடாமல் ஆட்ட வேண்டும். நீங்கள் பாக்ஸிலிருந்து சக்கரம் நோக்கிப் போங்கள். பாக்ஸிலிருந்து இறங்கும் பிட்மேன் ஆர்ம், அந்த ஆர்மிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்கின் இரு முனைகள், இரு முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் இரு முனைகள் என்று ஒவ்வொன்றிலும் ஜாயிண்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்தாற்போல் விரல் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அசைந்த பிறகு சற்றுத் தாமதித்து மறுபக்கம் அசைந்தால், தேய்மானம் அங்கேதான். கண்ணைவிட விரலுக்கு இது முதலில் தெரியும். விரலை ராடுக்கும் அச்சுக்கும் நடுவில் மட்டும் விடாதீர்கள்.

டை ராடைக் கையால் உருட்டினால் அது தன் அச்சில் சற்று உருளும். அது பழுதல்ல, பால் ஜாயிண்டின் இயல்பே அது. மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ கழன்றதுபோல் அசைந்தால்தான் மாற்ற வேண்டும். உருள்வதைக் காட்டி நான்கு முனைகளையும் மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் மூடி கிழிந்திருந்தால் ஆட்டம் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். தண்ணீரும் மண்ணும் உள்ளே போயிருக்கும்.

உதவியாளர் ஆட்டுவதை நிறுத்துவதற்குள் இன்னும் மூன்று இடங்களைப் பாருங்கள். பாக்ஸுக்கு மேலே ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் ஜாயிண்ட். பாக்ஸை சேசிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள்: பாக்ஸ் முழுதுமாக அசைகிறதா, போல்ட்டைச் சுற்றிச் செந்தூள் படிந்திருக்கிறதா, சேசிஸில் விரிசல் இருக்கிறதா? அடுத்து, முன் அச்சு. ஸ்டீயரிங் ஆடும்போது சக்கரம் திரும்புவதற்கு முன் அச்சே பக்கவாட்டில் நகர்ந்தால், கமான் பட்டையின் புஷ்ஷோ, பட்டையின் முனையைச் சேசிஸில் தொங்கவிடும் ஷேக்கிளோ தேய்ந்திருக்கிறது, அல்லது பட்டையை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கிறது. என் வண்டியில் பாதி ஆட்டம் இந்த புஷ்ஷில்தான் இருந்தது. ஸ்டீயரிங் கோளாறு என்று தேடுபவர்கள் பட்டைப் பக்கம் பார்ப்பதே இல்லை.

4. இப்போது ஜாக்கி

அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், கிங் பின்னாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி உண்டு: உதவியாளரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் கிங் பின் அல்லது அதன் புஷ். பேரிங் சில நேரம் முறைப்படி இறுக்கினாலே சரியாகும். கிங் பின் என்றால் பிரஸ் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பி, மேலும் கீழுமான ஆட்டத்தையும் பாருங்கள். கிங் பின் கிரீஸ் இல்லாமல் இறுகியிருந்தாலும் வண்டி அலையும்: திருப்பிய பக்கமே போக நினைக்கும், நீங்கள் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, தூக்கிய சக்கரங்களைக் கையால் இருபுறமும் திருப்பினால் எங்கே பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். கிரீஸ் அடித்தாலே பாதி வண்டிகளுக்கு உயிர் வரும். அடிக்கும்போது பழைய கிரீஸ் வெளியே வர வேண்டும்; வராவிட்டால் நிப்பிள் அடைத்திருக்கிறது.

5. எல்லாம் சரி, ஆனாலும் அலைகிறது

வண்டியின் பின்பக்கம் போய் நில்லுங்கள். பாரம் ஏற்றுவதற்காக முந்தைய உரிமையாளர் பின்னால் கூடுதல் பட்டை போட்டிருக்கிறாரா? காலியாக நிற்கும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? கிங் பின்னின் மேல்முனை சற்றுப் பின்சாய்ந்திருப்பதால்தான் சக்கரம் தானாக நேருக்கு வருகிறது. அந்தச் சாய்வுதான் கேஸ்டர். பின்பக்கம் உயர்ந்தால் முன் அச்சு முன்னோக்கிச் சுழன்று அந்தச் சாய்வு குறையும். காலி வண்டி அலைந்து, பாரம் ஏற்றியதும் அடங்கினால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும். அளவுக்கு மீறிப் பின்னால் ஏற்றினாலும் அலையும்; அங்கே காரணம் வேறு, முன்சக்கரத்தில் எடை குறைந்து பிடிப்பு போகிறது.

டோவை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். அச்சு உயரத்தில் இரு டயரின் நடுவிலும் முன்பக்கம் கோடு போட்டு இடைவெளியை அளந்து, வண்டியை அரைச் சுற்று உருட்டி, பின்பக்கம் வந்துவிட்ட அதே கோடுகளை மறுபடி அளங்கள். பொதுவாக இந்த வகை வண்டியில் முன் அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும்; சரியான எண் வண்டியின் கையேட்டில் இருக்கும். முன் அளவு கூடுதலாக இருந்தால் அலைச்சலுக்கு அதுவே போதும்.

6. கடைசியாக பாக்ஸ்

மேலே சொன்ன எதுவும் இல்லை, டிராக் லிங்கைக் கழற்றிய பிறகும் பிட்மேன் ஆர்ம் அசையாமல் ஸ்டீயரிங் ஆடுகிறது என்றால் மட்டுமே ஸ்குரூவைத் தொடலாம். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பாக்ஸின் பற்கள் நடுவில்தான் தேயும். நடு ஆட்டம் முழுதும் போகும்வரை இறுக்கினால் தேயாத இருபுறமும் பிடித்துக்கொள்ளும். சக்கரம் நேராக இருக்கும் நிலையில் சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிப் பாருங்கள். எங்காவது கனத்தால் பின்வாங்குங்கள். அப்படியும் ஆட்டம் போகாத பாக்ஸை ஓவர்ஹால் செய்ய வேண்டியதுதான்.

எந்த ஜாயிண்டைக் கழற்றினாலும் மாட்டும்போது நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள். பழையதை நிமிர்த்திப் போடுவதும், அதற்குப் பதில் கம்பி கட்டுவதும் வேண்டாம்.

வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

முன்பக்கம் காயில் ஸ்பிரிங் அல்லது டார்ஷன் பார் உள்ள வண்டிக்கு: கிங் பின்னுக்குப் பதில் மேல், கீழ் பால் ஜாயிண்டுகளைப் பாருங்கள், கீழ் ஆர்மின் புஷ்ஷையும் விடாதீர்கள். பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங் ராடைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம் இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். மூன்றாவது படி இதற்கும் அப்படியே பொருந்தும்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கமும் விட்டால் மறுபக்கமும் இழுக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின் அச்சின் யூ போல்ட்டையும், பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டையும் பாருங்கள் என்றேன். சென்டர் போல்ட் உடைந்து அச்சு ஒரு பக்கம் நகர்ந்திருந்தது. இருபுறமும் முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையிலான தூரத்தை நாடாவால் அளந்தால் இது தெரிந்துவிடும். அளக்கும்போது முன்சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும்.