எனுமரேட் என்றால் எண்ணிச் சொல்

தேர்வில் 'எனுமரேட்' என்று தொடங்கும் கேள்வி வந்தால் பலர் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதிவிடுகிறார்கள். நேரம் போய்விடுகிறது, பாவம். அந்தச் சொல் கேட்பது விளக்கத்தை அல்ல. ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வதைத்தான்.

இந்த ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் 'நுமெருஸ்' என்றால் எண். முன்னால் வரும் 'எ' என்பதற்கு 'வெளியே' என்று பொருள். எண்ணி எண்ணி வெளியே எடுத்து வைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்பர், நியூமரல் எல்லாம் இதன் உறவுதான். 'இன்யூமரபிள்' என்பதும் அப்படியே. நாம் 'எண்ணற்ற' என்கிறோமே, அதே அமைப்பு! மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாக வருபவரை எனுமரேட்டர் என்பதும் இதனால்தான்.

சரி, கல்லீரலின் பணிகளை எனுமரேட் செய்யச் சொன்னால்? 1. பித்தநீரைச் சுரக்கிறது. 2. மிகையான குளுக்கோஸைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. 3. நச்சுப்பொருள்களைச் சிதைக்கிறது. இப்படி எண் போட்டு, பணிக்கு ஒரு வரி. 'எக்ஸ்பிளெயின்' என்றிருந்தால் மட்டும் எப்படி, ஏன் என்று விரிக்கலாம்.

அப்புறம், சம்பளத்தைக் குறிக்கும் 'ரெம்யூனரேஷன்' இதன் உறவு இல்லை. அது 'முனுஸ்', அதாவது கொடை, என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம்பர் நினைவில் பலர் அதை 'ரீநியூமரேஷன்' என்று எழுதுகிறார்கள். வேலைக்கான விண்ணப்பத்தில் அந்தப் பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் 'ம்', பிறகுதான் 'ன'.