டிபி மாத்திரை: மூன்றாம் மாதத்தைத் தாண்ட வைப்பது எப்படி

டிபி வந்தவரை முதல் இரண்டு மாதம் மாத்திரை விழுங்க வைக்க அவ்வளவு மெனக்கெட வேண்டாம். காய்ச்சலும் இருமலுமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். இருமல் நின்று, பசி திரும்பி, முகம் தெளிந்த பிறகுதான் வீட்டில் இருப்பவருக்கு வேலை ஆரம்பம். நான் கடலூர் தேவனாம்பட்டினத்தில் காலையில் இட்லிக் கடை போடுகிறவள். விசைப்படகில் கடலுக்குப் போகிற என் தம்பிக்கு டிபி வந்தபோது ஆறு மாதமும் மாத்திரையைக் கவனித்துக்கொண்டது நான்தான். மருந்து விஷயத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் சளி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை இறங்குவது, சளியில் ரத்தம் என்று எது இருந்தாலும் இருமல் டானிக் வாங்குவதை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பரிசோதனைக்குக் காசு கிடையாது. டப்பா தருவார்கள். அதில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. எச்சிலை வைத்து நோயைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். மாடியிலோ கொல்லையிலோ எடுக்கச் சொல்லுங்கள். அடைந்த குளியலறைக்குள் வேண்டாம். ட்ரூநாட், சிபிநாட் கருவிகள் கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்துக்கு அது அடங்குமா என்றும் காட்டிவிடும். அடங்காத கிருமி என்றால் மருந்தும் வேறு, காலமும் வேறு. நான் சொல்வதெல்லாம் சாதாரண டிபிக்கு. சர்க்கரை, எச்ஐவி பரிசோதனையும் கூடவே செய்வார்கள். பயப்படாதீர்கள், எல்லாருக்கும் செய்வதுதான்.

கடலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு விஷயம். நம்மில் பாதிப் பேர் மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம், மீதிப் பேர் பஸ் ஏறிப் புதுச்சேரியில் ஜிப்மருக்கோ கோரிமேடு நெஞ்சக நோய் மருத்துவமனைக்கோ போவோம். எங்கே கண்டுபிடித்தாலும் நிக்ஷய் என்ற கணினிப் பதிவில் பெயர் ஏறி ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள். புதுச்சேரி வேறு நிர்வாகம், நம்முடையது தமிழ்நாடு. ஆனால் பதிவு நாடு முழுக்க ஒன்றுதான். அதனால் நிஜமாகக் குடியிருக்கும் முகவரியைச் சொல்லி, வீட்டுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மாத்திரைக்காக மாதாமாதம் கோரிமேட்டுக்கு அலைகிறவர்தான் நடுவில் விட்டுவிடுவார். அப்புறம், தமிழ்நாட்டில் 2022-லிருந்து காசநோய் இறப்பில்லா திட்டம் என்று ஒன்று நடக்கிறது. எடை, ஆக்சிஜன், கால் வீக்கம், தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வார்கள். படுக்கச் சொன்னால் படுத்துவிட வேண்டும். "வீட்டிலேயே பார்த்துக்கிறோம்" என்று கூட்டி வராதீர்கள்.

மாத்திரை எடைக் கணக்கு. ஒரே மாத்திரைக்குள் நான்கு மருந்து இருக்கும். பெரியவர்களில் 35 முதல் 49 கிலோ வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு, எல்லாவற்றையும் ஒரே வேளையில். இரண்டு மாதம் கழித்து மூன்று மருந்து உள்ளதாக மாறும், அது நான்கு மாதம். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மருந்தின் சாயம்தான். என் தம்பி ரத்தம் என்றே நினைத்துவிட்டான். ஆனால் கண் மஞ்சளானாலும், வாந்தி நிற்காவிட்டாலும், பார்வை மங்கினாலும், சிவப்பு பச்சை பிரித்துத் தெரியாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பாதம் மரத்துப்போனால் பி6 வைட்டமின் கொடுப்பார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசின் அதை வேலை செய்ய விடாது.

சரி, மூன்றாம் மாதத்துக்கு வருவோம். எங்கள் கரையில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். தம்பிக்கு மருந்து ஆரம்பித்தது அந்தச் சமயம்தான். வீட்டிலேயே இருந்தான், இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றுகிற நேரத்துக்கு மாத்திரை, கண்ணெதிரே விழுங்குவான். தடை முடிந்து முதுநகர் துறைமுகத்தில் படகுகள் கிளம்பும்போது அவனுக்கு உடம்பும் தேறிவிட்டது. "அதான் நல்லா இருக்கேனே அக்கா, இன்னும் எதுக்கு?" என்றான். இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் வரும். இருமல் நிற்பதற்குள் பெரும்பாலான கிருமி செத்துவிடும். மிச்சம் மெதுவாக ஒளிந்திருப்பதைக் கொல்லத்தான் அடுத்த நான்கு மாதம். அரைகுறையாக நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காததாகவும் திரும்பலாம்.

இதைச் சொன்னால் மட்டும் போதாது, ஏற்பாடு செய்ய வேண்டும். தங்குகடல் போகிறவர், அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிறவர் என்றால் கிளம்புவதற்கு முன்பே செவிலியரிடம் சொல்லி, போகிற நாட்களைவிடக் கூடுதலாக மாத்திரை வாங்கி வையுங்கள். காற்று வானிலையால் படகு தாமதமாகும். அட்டையிலிருந்து உரித்துக் கொடுக்காதீர்கள்; அட்டையோடு ஜிப் கவரில் போட்டு, மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். ஐஸ் அறைப் பக்கம் வேண்டாம், ஈரம் இறங்கும். படகில் ஓர் ஆளுக்காவது விஷயம் தெரிய வேண்டும். நான் பேசியது சமையல் பார்க்கும் பெரியவரிடம். காலைத் தேநீர் கொடுப்பவர் அவர்தான், "போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரை நீட்டுவார். அட்டையில் காலியான குழிகளை எண்ணினால் கரைக்கு வந்ததும் கணக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள் மறந்தால் அன்றைக்கே நினைவு வந்ததும் போடலாம். மறுநாள் இரண்டு வேளையைச் சேர்த்துப் போடக் கூடாது. குடியைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் பேசுங்கள். பாலத்தைத் தாண்டினால் புதுச்சேரிக் கடை, எனக்குத் தெரியாதா? இந்த மாத்திரையே ஈரலுக்குச் சுமை, அதன்மேல் சாராயம் வேண்டாம். ஆனால் குடித்துவிட்டான் என்பதற்காக மாத்திரையை நிறுத்தவும் விடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

சாப்பாட்டுக்கு அரசுப் பணம் உண்டு. 2018-ல் மாதம் 500 ரூபாயாக ஆரம்பித்தது, 2024 நவம்பரிலிருந்து 1000. ஆதார் இணைத்த வங்கிக் கணக்கில் வரும். ரொம்ப நாள் தூங்கிக் கிடக்கும் கணக்கைக் கொடுத்தால் பணம் திரும்பிவிடும், முதலில் பாஸ்புக்கைப் பதிவு செய்து பாருங்கள். வரவில்லையென்றால் நிக்ஷய் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 1800 11 6666 இலவச எண். பண்ருட்டி முந்திரிக்கு அந்தப் பணம் பத்தாது. முட்டை, வேர்க்கடலை, பயறு, மலிவாக வரும்போது மத்தி, அது போதும்.

அக்கம்பக்கத்தில் பேச்சு வரும். என் கடைக்கு வருவதைச் சிலர் நிறுத்தினார்கள். டிபி காற்றில் பரவுவது. இட்லியிலோ தட்டிலோ டம்ளரிலோ ஒட்டாது. தனித் தட்டு வைத்து அவரை நோகடிக்காமல், ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆரம்ப வாரங்களில் முகக்கவசம் போடச் சொல்லுங்கள். மருந்து ஒழுங்காகப் போனால் சில வாரங்களிலேயே பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டில் உள்ள மற்றவர்களையும், முக்கியமாக ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையும் பரிசோதித்து, நோய் இல்லையென்றால் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். நோயில்லாதவனுக்கு மாத்திரையா என்று என் மாமியார் சண்டை போட்டார். ஆனாலும் போட்டோம்.

டிபியை 2025-க்குள் ஒழிப்போம் என்று நாடு முழுக்க இலக்கு வைத்தார்கள். நோய் இன்னும் நம் தெருவில் இருக்கிறது. ஆறாவது மாதம் முடிந்ததும் "முடிஞ்சுது" என்று அட்டையைத் தூக்கிப் போடாமல் கடைசிச் சளிப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். அதன் பிறகும் இரண்டு வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். அந்தத் தேதிகளை நான் கடைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்; படகு எந்தத் தேதியில் கிளம்பினாலும் அதைப் பார்த்துத்தான் தம்பியை அனுப்புகிறேன்.