பழைய ஷோஜோ மாங்கா ஸ்டைல்ல டிரெஸ் பண்றது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

ஷோஜோ மாங்கான்னா ஜப்பான்ல பொண்ணுங்களுக்குன்னே வர்ற காமிக்ஸ். அதுல 1950-கள்ல இருந்து 70-கள் வரைக்கும் வரைஞ்ச டிரெஸ்ஸ பாத்தாலே எனக்கு மனசு உருகிடும், அத நாமளே தைச்சு தெருவுல போட்டுட்டும் போகலாம்.

ஸ்டெப் 1: எந்தக் காலம்னு முடிவு பண்ணுங்க

எல்லாத்தையும் கலக்காதீங்க, ஃபேன்சி டிரெஸ் போட்டி மாதிரி ஆயிடும். 1950-கள் பிடிக்கும்னா தகஹாஷி மகோதோ வரைஞ்சத பாருங்க, கண்ணுக்குள்ள நட்சத்திரம், தலையில ரிப்பன், சுத்தி பூ, கதைக் கட்டத்தையும் தாண்டி அவர் வரைஞ்ச பொண்ணுங்க தலையில இருந்து கால் வரைக்கும் முழு உருவமா நிப்பாங்க. 70-கள்ல 'ரிபோன்' பத்திரிகையில முட்சு ஏகோ வரைஞ்சது வேற, அங்க இளவரசி கெடையாது, நம்ம பக்கத்து வீட்டுப் பொண்ணு மாதிரி ஒருத்தி அன்னாடம் போடுற டிரெஸ்தான், அந்த வகைக்கு ஒட்டோமெச்சிக்னு பேரு. 1972-ல தொடங்கின 'வெர்சாயின் ரோஜா'ங்கிற மாங்காவுல வர்ற பிரெஞ்சு அரண்மனை கவுன் ரொம்ப அழகு, ஆனா மொத தடவையே அதுல கை வைக்க வேணாம்.

நான் இங்க சொல்றது 50-கள் ஸ்டைல்.

ஸ்டெப் 2: மொதல்ல உருவம், அப்புறம்தான் ஃப்ரில்

மேல பிடிச்சாப்ல, இடுப்பு ஒடுங்கி, கீழ பாவாடை விரிஞ்சு நிக்கணும். ஓவியர் நகஹாரா ஜுன்இச்சி படங்கள்ல இது அவ்ளோ தெளிவா இருக்கும், போர் முடிஞ்சு துணி கெடைக்காத நேரத்துல 1946-ல 'சோரேயு'ன்னு பத்திரிகை ஆரம்பிச்சு, மிச்சத் துணியில கூட அழகா தைச்சுக்கலாம்னு பொண்ணுங்களுக்கு சொல்லிக் குடுத்த மனுஷன் அவரு. இடுப்பு 28 இன்ச்னா பாவாடை சுத்தளவு ரெண்டரை மடங்கு, 70 இன்ச்சாவது வேணும், சுருக்கு வச்சு தைங்க. உள்ள ஒரு ஃப்ரில் வச்ச இன்ஸ்கர்ட் போடலன்னா பாவாடை தொங்கிடும்.

ஸ்டெப் 3: போட்டோ டெஸ்ட்

இது ரொம்ப முக்கியம். அப்போ பத்திரிகையில அட்டையும் சில பக்கமும்தான் கலரு, மத்ததுல பெரும்பாலும் ஒரே நிற மைதான், அதனால துணிய புள்ளி, கட்டம், லேஸ், வெள்ளைக் காலர் இதெல்லாம் வச்சே காட்டணும். நீங்களும் டிரெஸ் போட்டு ஒரு போட்டோ எடுத்து ப்ளாக் அண்ட் வொய்ட் ஆக்கிப் பாருங்க. எல்லாம் ஒரே சாம்பலா தெரிஞ்சா ரோஸ் மேல ரோஸ் போட்டிருக்கீங்கன்னு அர்த்தம், கழுத்துகிட்ட வெள்ளை கொண்டு வாங்க.

ஸ்டெப் 4: கழட்டி மாட்டுற காலர்

உங்க சட்டை கழுத்த பேப்பர்ல வரைஞ்சு, அங்கிருந்து 7 செ.மீ அகலத்துக்கு கோடு போட்டு, முன்னாடி முனைய உருண்டையா ஆக்குங்க, சுத்தி தையலுக்கு அரை இன்ச் விட்டு வெள்ளைக் காட்டன்ல ரெண்டு பீஸ் வெட்டுங்க. நல்ல பக்கம் ரெண்டும் உள்ள பாத்தாப்ல வச்சு நடுவுல லேஸையும் சொருகி வெளி ஓரத்த மட்டும் தைச்சு, வளைவுல சின்னச் சின்னதா கத்திரி குடுத்து திருப்புங்க. கழுத்துப் பக்கம் க்ராஸ் பீஸ் (துணிய சாய்வா வெட்டின பட்டை) வச்சு முடிச்சு, அதையே ரெண்டு பக்கமும் நீட்டி விட்டா கட்டுற நாடா ரெடி. வளைவுல கத்திரி குடுக்காம விட்டுட்டு நான் ஒரு காலர மறுபடி பிரிச்சுத் தைச்சேன், மறந்துடாதீங்க.

ஸ்டெப் 5: தலையும் காலும்

ரிப்பன் ஒண்ணே ஒண்ணு, ஆனா பெருசா. கண்ணுக்கு மஸ்காராவும் உள் மூலையில துளி வெள்ளை ஷிம்மரும் போதும், அதுதான் அந்த நட்சத்திரம். வெள்ளை சாக்ஸ், வார் வச்ச தட்டையான ஷூ.

காலர மட்டும் தனியா துவைச்சு கஞ்சி போட்டு அயர்ன் பண்ணுங்க, படத்துல இருக்குற மாதிரியே விறைப்பா நிக்கும்.