குறும்படத்துக்கு நான்கு நொடி லோகோ: 'கொ' உடையாமல் செய்வது எப்படி?

மூன்றாம் ஆண்டில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எட்டு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தோம். கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் விளக்கணைந்து, திரையில் எங்கள் குழுவின் லோகோ எழுந்ததுமே பின்வரிசையிலிருந்து சிரிப்பு வந்தது. படம் சோகப் படம். சிரித்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. குழுவின் பெயர் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. முதல் எழுத்தின் ஒற்றைக்கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய், ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. சரியாக வந்த பதிப்பை என் கணினியில் பார்த்திருந்தேன். கடைசி இரவில் நண்பனின் கணினியில் பெயரை மறுபடி தட்டச்சு செய்ததுதான் வினை.

குழுவின் உண்மைப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதுவும் 'கொ'வில் தொடங்கும் பெயர்தான். விளக்கத்துக்காகக் 'கொக்கு' என்று வைத்துக்கொள்வோம்.

கதை எழுதுவது, நடிக்க ஆள் பிடிப்பது, விடுதிக் காப்பாளரிடம் அனுமதி வாங்குவது எல்லாம் உங்கள் பாடு. படம் எடுக்கும்போதே லோகோவுக்காகக் கவனிக்க வேண்டிய ஒன்றிரண்டையும், லோகோவையும் மட்டும் சொல்கிறேன்.

தேவையானவை

வரைவதற்கு இங்க்ஸ்கேப், படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, ஒலிக்கு ஆடாசிட்டி. மூன்றுக்கும் காசு வேண்டாம். கைப்பேசிச் செயலிகளில் 'லோகோ இன்ட்ரோ' என்று ஆயத்த வார்ப்புகள் கொட்டிக் கிடக்கும்: தீப்பொறி பறக்கும், தங்க எழுத்து சுழலும், கடைசியில் இடி இடிக்கும். பக்கத்து வகுப்புக் குழுவும் அதே இடியைத்தான் இறக்கியிருப்பார்கள். வேண்டாம்.

படி 1: ஃபிரேம் விகிதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

லோகோவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டேன். ரிசால்வில் திட்டத்தைத் தொடங்கும்போது ஃபிரேம் விகிதத்தை, அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் என்பதை, குறித்துவிட வேண்டும். முதல் கிளிப்பை உள்ளே இழுத்த பிறகு அதை மாற்ற முடியாது. நான் பார்க்காமலே 24இல் தொடங்கினேன். காட்சிகள் 30இல் இருந்தன. இரண்டு நாள் வேலை வீண்.

என் பரிந்துரை 25. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். 25 ஃபிரேமில், ஷட்டர் வேகம் (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரம்) 1/50 நொடி என்று வைத்தால் விடுதி அறையில் எடுத்த காட்சியில் அந்த மினுக்கலால் வரும் பட்டை ஓட்டம் இருக்காது. கைப்பேசியின் சொந்தக் கேமரா இதற்கு இடம் கொடுக்காவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

பல கைப்பேசிகள் வெளிச்சத்துக்கேற்ப ஃபிரேம் விகிதத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே பதிவு செய்யும். அப்படிப்பட்ட கோப்பில் போகப் போக உதடு ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் நகரும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு, மாறாத ஃபிரேம் விகிதத்துக்கு மாற்றிவிட்டுத் தொகுக்கத் தொடங்குங்கள்.

படி 2: பென்சிலில் வரையுங்கள்

கணினியைத் திறக்காதீர்கள். ஜெமினி ஸ்டூடியோவின் கொம்பு ஊதும் இரட்டைக் குழந்தைகளையும் எம்.ஜி.எம். சிங்கத்தையும் நினைத்துப் பாருங்கள். எழுத்தை மறைத்தாலும் யாருடைய படம் என்று தெரியும். உங்கள் லோகோவுக்கான உருவத்தைக் கரியால் நிரப்பிய நிழலாக வரைந்து, அப்போதும் அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் வண்ணம் பூசினாலும் தெரியாது.

நாங்கள் உருவத்தைப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு படமாக வைக்கத்தான் முதலில் முயன்றோம். பெயர் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று கடைப் பலகை போல இருந்தது. பிறகுதான் எழுத்திலேயே உருவம் ஒளிந்திருப்பது கண்ணில் பட்டது. 'கொ'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கொம்பின் வளைவு கொக்கின் கழுத்து. துணைக்கால், பெயரிலேயே கால். அதை இன்னும் இரண்டு பங்கு கீழே இழுத்தால் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. 'க்'கின் புள்ளியை மீனாக்கலாம். தமிழ் எழுத்துகளுக்கு இலக்கணக்காரர்கள் வைத்த பெயர்களே பாதி வடிவமைப்பைச் செய்து கொடுத்துவிடும். கொம்பு, கால், சுழி என்று சொல்லிக்கொண்டே வரைந்து பாருங்கள்.

பெயரை உறுதி செய்யுமுன் யூடியூபில் ஒருமுறை தேடிவிடுங்கள். அதே பெயரில் யாராவது இருந்தால் இப்போதே மாற்றுவது எளிது.

படி 3: இங்க்ஸ்கேப்பில் பக்கம் அமைத்தல்

பக்க அளவு 1920க்கு 1080 பிக்சல். இடமும் வலமும் 192 பிக்சல், மேலும் கீழும் 108 பிக்சல் விட்டு உள்ளே ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். லோகோ அந்தக் கட்டத்தைத் தாண்டக் கூடாது. ஓரத்தை வெட்டிக் காட்டும் ப்ரொஜெக்டர்கள் இன்னும் இருக்கின்றன.

எழுத்து வெள்ளை, பின்னணி கறுப்பு. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து தெரியாது என்பதால் தனி லேயரில் (அடுக்கில்) ஒரு கறுப்புச் செவ்வகம் போட்டுப் பூட்டி வைத்துவிடுங்கள்.

படி 4: எழுத்தை எழுத்தாக விட்டுவைக்காதீர்கள்

நான் விழுந்த குழி இது. கொஞ்சம் நின்று படியுங்கள்.

ஒருங்குறியில் (யூனிகோடில்) 'கொ' என்பது இரண்டே குறிகள்: முதலில் 'க', அடுத்து 'ொ' என்ற உயிர்மெய்க் குறி. கண்ணுக்குத் தெரியும் மூன்று துண்டுகளான கொம்பு, க, கால் ஆகியவை கோப்பில் அந்த வரிசையில் இல்லை. கொம்பை முன்னால் கொண்டுவந்து, காலைப் பின்னால் நிறுத்தும் வேலையை எழுத்துருவும் அதைப் படிக்கும் மென்பொருளும் சேர்ந்து செய்கின்றன. அந்தத் திறன் மென்பொருளில் இல்லாவிட்டால் 'க' தனியே நிற்கும், கொம்பும் காலும் அதற்குப் பின்னால் தொங்கும். கூடத்தில் எங்களுக்கு நேர்ந்தது இதுவே. நான் எழுத்துருவில்தான் பிழை என்று நினைத்து இரவு இரண்டு மணி வரை எழுத்துருக்களை மாற்றிக்கொண்டிருந்தேன். ஒருங்குறி எழுத்துரு எதுவாக இருந்தாலும் நண்பனின் கணினியில் இருந்த எடிட்டிங் மென்பொருளில் உடையத்தான் செய்யும்.

இங்க்ஸ்கேப்பில் உடையாது. ஆகவே பெயரை அங்கே தட்டச்சு செய்து, அங்கேயே வடிவமாக்கிவிட வேண்டும்.

எழுத்துருவுக்கு என் தேர்வு அனெக் தமிழ், எக்ஸ்ட்ரா போல்டு. குறும்புத்தனமான படம் என்றால் பலூ தம்பி. இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. லோகோவுக்குப் பயன்படுத்தத் தடையில்லை. மெல்லிய எழுத்துருக்களின் அழகில் மயங்காதீர்கள், காரணம் அடுத்த படியில்.

தட்டச்சு செய்து முடித்ததும் கோப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு எழுத்தைத் தேர்ந்தெடுத்து 'பாத்' மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்'. குறுக்குவழி: ஷிஃப்ட், கன்ட்ரோல், சி. இனி அது எழுத்து இல்லை, கோடுகளாலான வடிவம். எந்தக் கணினிக்குப் போனாலும் மாறாது. ஆனால் பிழை திருத்தவும் முடியாது. ஒற்று விட்டுப்போயிருந்தால் பிரதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். அதற்குத்தான் பிரதி.

அடுத்து ஷிஃப்ட், கன்ட்ரோல், ஜி அழுத்தினால் குழு பிரிந்து கொம்பும் க-வும் காலும் தனித்தனியாகக் கையில் கிடைக்கும். காலை நீட்டுவதும் கழுத்தை வளைப்பதும், கோட்டின் முனைகளைப் பிடித்து இழுக்கும் நோடு கருவியின் வேலை.

'க்'கில் புள்ளியும் உடலும் ஒரே வடிவமாக ஒட்டியிருக்கும். பிரிக்க 'பிரேக் அபார்ட்' கொடுத்தேன். 'க'வின் வயிற்றுக்குள் இருந்த வெற்றிடமெல்லாம் அடைத்துக்கொண்டு வெள்ளைக் கட்டியாக நின்றது. வெற்றிடமும் ஒரு தனித் துண்டாகப் பிரிந்துவிடுவதால் வரும் விளைவு. புள்ளியை விட்டுவிட்டு, உடலையும் உள்துண்டுகளையும் மட்டும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல், கே அழுத்துங்கள், வயிறு திறந்துகொள்ளும்.

கணினி அச்சுக்கோப்பு செய்த பழைய டி.டி.பி. கைகள், ஒருங்குறியைப் பின்பற்றாத பாமினி எழுத்துருவில் அடித்தால் எங்கும் உடையாது என்பார்கள். பொய்யில்லை. அதில் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிக்கிறோம். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுப் பெயரும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். சிரிப்பு இன்னும் பலமாக வரும்.

படி 5: புள்ளியைப் பெரிதாக்குங்கள்

அச்சில் அழகாக இருக்கும் புள்ளி, திரையில் காணாமல் போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிய காணொளியில் அது எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கொக்கு 'கொககு' ஆகிவிடும். புள்ளியை ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, எழுத்திலிருந்து சற்று மேலே தூக்கி வையுங்கள். பிறகு லோகோவைத் திரையில் நிறுத்திவிட்டு விடுதி வராந்தாவின் மறுமுனைக்குப் போய்ப் பாருங்கள். படிக்க முடிகிறதா? படத்தைப் பற்றி ஏதும் தெரியாத ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். உங்களுக்குப் பெயர் தெரியும் என்பதால் உங்கள் கண் ஏமாற்றும்.

படி 6: ஏற்றுமதி

பி.என்.ஜி. மட்டும். ஜே.பி.ஜி. கோப்பில் பின்னணி ஊடுருவித் தெரியாது. அகலம் 3840 என்று கொடுங்கள்; பின்னால் லேசாகப் பெரிதாக்கும்போது மங்காது. கறுப்புச் செவ்வக லேயரை மறைத்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள். வலையில் இறக்கும் 'பின்னணி இல்லாத' படங்கள் சிலவற்றில் பின்னணி இல்லை என்று காட்டும் சாம்பல் கட்டங்கள் படத்திலேயே பதிந்திருக்கும். எங்கள் குழுவில் ஒருவர் அப்படியொரு மீனைக் கொண்டுவந்து தந்தார். சதுரங்கப் பலகையில் நீந்தியது.

படி 7: அசைவு

ரிசால்வில் கறுப்புத் தளம், அதன்மேல் பி.என்.ஜி. மொத்தம் 100 ஃபிரேம், அதாவது 4 நொடி. முதல் 20 ஃபிரேமில் மெல்லத் தோன்றட்டும், கடைசி 20இல் மறையட்டும். அளவு 100 விழுக்காட்டிலிருந்து 104க்கு நகரட்டும். போதும். எட்டு நிமிடப் படத்துக்கு இருபது நொடி லோகோ வைப்பவர்களை என்ன சொல்வது? கல்யாணத்தைவிடப் பந்தல் பெரிது.

இருட்டிலிருந்து மெல்ல வெளிறும் ஒளிவட்டப் பின்னணி வேண்டாம். யூடியூப் சுருக்கும்போது அது வெங்காயத் தோல் போல வளையம் வளையமாகத் தெரியும். லோகோவைத் தனிக் காணொளியாக ஏற்றுமதி செய்து படத்தின் முன்னால் ஒட்டுவதும் வேண்டாம். ஏற்றுமதி அமைப்பு சிறிது மாறினாலும் லோகோவின் கறுப்பு சாம்பலாகவும் படத்தின் கறுப்பு கறுப்பாகவும் நிற்கும். இரண்டையும் ரிசால்வில் ஒரே டைம்லைனில் வையுங்கள்.

படி 8: ஒலி

சினிமாப் பாட்டின் துணுக்கை வெட்டி வைத்தால், நான்கு நொடியே ஆனாலும், யூடியூபின் காப்புரிமைக் கருவி பிடித்துக்கொள்ளலாம். சொந்தமாகப் பதிவு செய்யுங்கள். எங்கள் லோகோவின் ஒலி, குளியலறை வாளித் தண்ணீரில் விரலை விட்டு எடுத்த 'களக்'. இருபது முறை எடுத்து ஒன்றைத் தேர்ந்தோம். உச்ச அளவு கழித்தல் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் கூடத்து ஒலிபெருக்கியில் அலறாது.

படி 9: திரையிடல்

லோகோவுக்கு முன்னால் ஐந்து நொடி வெறும் கறுப்பு வையுங்கள். வி.எல்.சி.யில் படம் தொடங்கியதும் கோப்பின் பெயர் சில நொடி திரையின் அடியில் தெரியும். 'இறுதி_புதியது_2' என்ற எழுத்தோடுதான் உங்கள் கொக்கு எழும். அமைப்பில் அதை அணைக்கலாம். கூடத்துக் கணினியில் அதற்கு நேரம் கிடைக்காது. கோப்பின் பெயரையும் ஒழுங்காக வையுங்கள்.

பிற்சேர்க்கை 1: உபுண்டுவில் ரிசால்வ் போட்டால் கைப்பேசிக் காட்சிகள் திறக்கவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். லினக்ஸுக்கான இலவசப் பதிப்பு, பல கைப்பேசிகள் பதிவு செய்யும் எச்.264 வகைக் காட்சிகளைத் திறக்காது. எஃப்.எஃப்.எம்பெக் என்ற மாற்றுக் கருவி கொண்டு, தொகுப்புக்கு ஏற்ற டி.என்.எக்ஸ்.எச்.ஆர். வடிவுக்கு மாற்றலாம், கோப்பு பல மடங்கு பெருக்கும். அவ்வளவு இடம் இல்லாதவர்கள் கேடென்லைவ் என்ற படத்தொகுப்பு மென்பொருளைப் பயன்படுத்துங்கள். லோகோவுக்கு அது தாராளம்.

பிற்சேர்க்கை 2: 'பிரேக் அபார்ட்' தொல்லைக்கு ஒரு வாசகி எளிய வழி சொன்னார். இங்க்ஸ்கேப்பின் புதிய பதிப்புகளில் 'ஸ்பிளிட் பாத்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது புள்ளியை மட்டும் பிரித்துவிட்டு 'க'வின் வயிற்றை அப்படியே விட்டுவிடும். என் பழைய பதிப்பில் இல்லாததால் எனக்குத் தெரியவில்லை. நன்றி, அம்மா.

பிற்சேர்க்கை 3: லோகோவைச் சேனல் படமாக வைத்தால் பெயர் தெரியவில்லை என்கிறார்கள். வட்டத்துக்குள் முழுப் பெயரைத் திணிக்காதீர்கள். 'கொ' ஒன்றை மட்டும் வெட்டி வையுங்கள், காலின் நீளத்தைக் குறைத்து.