ஐப்பசி, கார்த்திகையில் நிறுத்தி வைத்த கேரவனில் குடியிருப்பது எப்படி

வேனில் குடியிருக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சென்னை வெயிலைப் பற்றித்தான். வெயிலுக்கு வழி இருக்கிறது. நிழல் பார்த்து நிறுத்தலாம், ஃபேன் போடலாம், சாயங்காலம் வெளியே நாற்காலி போட்டு உட்காரலாம். வேன் வீட்டுக்கு உண்மையான பரீட்சை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை போகும் மழைக்காலம். சென்னையில் வருடம் முழுவதும் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில் கொட்டிவிடும்.

நான் பல வருடம் சினிமா ஷூட்டிங்குக்குக் கேரவன் ஓட்டியவன். இப்போது ஒரு பழைய டெம்போ டிராவலரில் கட்டில், அடுப்பு, குட்டி பாத்ரூம் எல்லாம் வைத்து, நானும் மனைவியும் பரங்கிமலை அடிவாரத்தில் ஒரு காலி மனையில் இருக்கிறோம். மனைக்காரர் தெரிந்த அண்ணன். மாத வாடகைக்கு இடம், ஒரு கரண்ட் லைன், மூலையில் ஒரு கழிப்பறை கொடுத்திருக்கிறார். எல்லோரும் கூரை ஒழுகுமா என்று பயப்படுகிறார்கள். ஒழுகலை ஒரு மதியத்தில் அடைத்துவிடலாம். வண்டி நிற்கும் இடமும், நாமே உள்ளே உண்டாக்குகிற ஈரமும்தான் பெரிய விஷயம். அதனால் அந்த இரண்டையும் விலாவாரியாகச் சொல்கிறேன்.

இடம்

புரட்டாசி முடிவதற்குள் இடத்தை முடிவு செய்துவிடுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் தண்ணீரில் நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கம் அதே கதை. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் தட்டையாகக் கிடக்கிறது. வடிய வேண்டிய தண்ணீர் போக இடமில்லாமல் நிற்கும். மனை பார்க்கப் போனால் தரகர் பேச்சை விடுங்கள். பக்கத்து மளிகைக் கடையில், "அண்ணே, அந்த வருஷம் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். சுவரில் கையை வைத்தே காட்டுவார். அந்தக் கை உங்கள் வண்டியின் சக்கரத்துக்குப் பாதிக்கு மேல் போனால் அந்த மனை வேண்டாம்.

மண்ணையும் பாருங்கள். களிமண் தரையில் இரண்டு நாள் மழைக்கே சக்கரம் இறங்கிவிடும், அப்புறம் ஜேசிபிதான் வர வேண்டும். எங்கள் பக்கம் சரளையும் பாறையும் என்பதால் தப்பித்தோம். எந்த மண்ணாக இருந்தாலும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் கனமான பலகையோ கருங்கல்லோ போடுங்கள். வண்டியின் முகம் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். டீசல் டேங்க் நிரம்பி இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை இன்ஜினை ஓடவிட்டு, நாலடி முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள்.

மரத்தடி நிழலுக்கு இந்த மூன்று மாதம் முழுக்குப் போட்டுவிடுங்கள். குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி இவையெல்லாம் பெருங்காற்றில் கிளை முறிகிற, வேரோடு சாய்கிற மரங்கள். தென்னை சாயாமல் நின்றாலும் மட்டையும் காயும் கூரை மேல்தான் விழும்.

அடுத்தது திசை. வடகிழக்குப் பருவக்காற்று பெயருக்கு ஏற்றபடி வடகிழக்கிலிருந்து வரும். எங்கள் கதவு தென்மேற்கைப் பார்த்திருக்கிறது. அதனால் சாரல் அடிக்கும்போதும் கதவைப் பாதி திறந்து வைக்க முடிகிறது. இந்தப் பாதிக் கதவு எவ்வளவு பெரிய வசதி என்பது மூன்று நாள் அடைமழையில்தான் புரியும். புயல் மட்டும் இதற்கு விதிவிலக்கு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கடந்தபோது ஒரு பக்கமிருந்து வீசிய காற்று கொஞ்ச நேரம் ஓய்ந்து, அப்புறம் மறுபக்கத்திலிருந்து திரும்பி வந்தது. ஓய்ந்த நேரத்தை நம்பி வெளியே இறங்கி எதையும் சரிசெய்யப் போகாதீர்கள்.

மழையைப் படிப்பது

அக்டோபர் தொடக்கத்தில் இடிமழை பெரும்பாலும் சாயங்காலத்தில் மேற்கிலிருந்து வரும். பருவமழை பிடித்த பிறகு கடலிலிருந்து வரும், அதுவும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் அதிகம். எனவே ராத்திரி படுக்கப் போகும்முன் வானிலை மையத்தின் ரேடார் படத்தைப் பாருங்கள். கடல் மேல் மேகம் திரண்டு நின்றால், வெளியே இருக்கும் நாற்காலி, செருப்பு, அடுப்பு எல்லாவற்றையும் உள்ளே எடுத்து, வெய்யில் மறைப்புத் துணியைச் சுருட்டிக் கட்டிவிட்டுத்தான் படுக்க வேண்டும். அந்தத் துணியில் தண்ணீர் தேங்கினால் கம்பியே வளைந்துவிடும்.

24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் அது அதிகனமழை, அதற்குத்தான் ரெட் அலர்ட். அது அறிவித்த அன்றே தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் வண்டியை எடுத்துவிட வேண்டும். வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். காலிக் காருக்கு அது சரி. சிலிண்டரும் ஆளும் இருக்கிற வேனுக்கு அது இடமில்லை, மேலே காற்று அடிக்கிற அடியில் தூங்கவும் முடியாது. மேட்டுப் பகுதியில் தெரிந்தவர் வீட்டு வாசலையோ கல்யாண மண்டப வளாகத்தையோ முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே போன தண்ணீரைப் பிஸ்டன் அழுத்தினால் கனெக்டிங் ராடு வளைந்து, இன்ஜினே போய்விடும்.

கூரை

ஓஸ் பைப்பால் கூரை மேல் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுங்கள். உள்ளே சொட்டுகிற இடமும் ஓட்டை இருக்கிற இடமும் ஒன்றாக இருக்காது. தண்ணீர் தகரத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் ஓடி, எங்கோ ஓர் ஆணி முனையில் இறங்கும். நாங்கள் செய்வது இது: உள் அலமாரிகளைக் காலி செய்துவிட்டு, சுவர் ஓரமாகக் கோலமாவை மெல்லிய கோடாக இழுத்துவிடுவோம். வெள்ளைக் கோட்டில் எங்கே கருத்து, குழைந்து, கால்வாய் மாதிரி அறுக்கிறதோ அங்கிருந்து மேல்நோக்கித் தேட வேண்டும். பெரும்பாலும் அது ரூஃப் வென்ட்டின் (காற்று போக கூரையில் வைத்திருக்கும் திறப்பு) விளிம்பு அல்லது சோலார் பேனல் போல்ட்டாகத்தான் இருக்கும். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, துடைத்துக் காயவைத்து, பியூ சீலன்ட் (பாலியூரிதேன் அடைப்புப் பசை) போடுங்கள். பழசின் மேல் புதுசைப் பூசினால் நிற்காது. வண்டியின் பின்பக்கத்தை ஒரு விரல் கடை தாழ்த்தி நிறுத்தினால் கூரையில் தண்ணீர் தேங்காது.

உள்ளே உண்டாகும் ஈரம்

இரண்டு பேர் மூடிய வேனுக்குள் ஒரு ராத்திரி தூங்கினால், மூச்சும் வியர்வையுமாக அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரைக் காற்றில் விடுகிறோம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீராவி வருகிறது. சோறு வடிக்கும் ஆவி தனி. இதெல்லாம் போக வழியில்லாமல், மழையில் குளிர்ந்த தகரத்தில் போய் முத்து முத்தாக நிற்கும். என் மனைவி ஒரு நாள், "என்னங்க, மெத்தைக்கு அடியில கையை வச்சுப் பாருங்க, ஜில்லுனு இருக்கு" என்றாள். தூக்கிப் பார்த்தால் பலகை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூசணம், ஸ்பாஞ்சின் அடியில் கறுப்புப் புள்ளிகள். வெளியிலிருந்து ஒரு சொட்டு மழைகூட அங்கே வரவில்லை.

அதற்கு அப்புறம் கட்டில் பலகையை எடுத்துவிட்டு, விரற்கடை இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்தோம். ஸ்பாஞ்சுக்குப் பதில் தென்னை நார் மெத்தை, அதன் மேல் கோரைப்பாய். காலையில் எழுந்ததும் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டுத்தான் காபி. மழை பெய்தாலும் கூரை வென்ட்டை இரண்டு விரல் திறந்து, அதன் மின்விசிறியை வெளியே இழுக்கும்படி ஓடவிடுங்கள். காற்று நேராக அடிக்காத பக்கத்து ஜன்னல் ஒன்றும் கொஞ்சம் திறந்திருக்கட்டும். மழைநாளில் வெளியே இருக்கும் காற்றும் ஈரம்தானே என்பார்கள். இரண்டு பேர் படுத்து எழுந்த வேனுக்குள் இருக்கும் காற்று அதைவிட ஈரம்.

கரண்ட் இருக்கும் நேரத்தில் ஏசி இருந்தால் ஒரு மணி நேரம் டிரை மோடில் ஓடவிட்டு, வெளியே அதன் குழாய்க்கு அடியில் ஒரு பாத்திரம் வையுங்கள். அதில் சேரும் தண்ணீரைப் பார்த்தால் நான் சொல்வதில் சந்தேகமே வராது. அலமாரிக் கதவுகளைப் பகலில் திறந்து வையுங்கள். துணி அலமாரிக்குக் கடையில் விற்கிற ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று போதும். ஈர வாடைக்குச் சாம்பிராணி போடுவது எங்கள் வீட்டிலும் வழக்கம். ஆனால் கதவு, வென்ட் இரண்டும் முழுக்கத் திறந்திருக்கும்போது மட்டும் போடுங்கள். தணலை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். மூடிய வேனுக்குள் கரித்துண்டு கனன்றால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஜெனரேட்டரையும் ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள்.

துணி உலர்த்துவது இந்தப் பருவத்தின் தலைவலி. உள்ளே கொடி கட்டுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன், அத்தனை ஈரமும் மெத்தைக்குத்தான் போகும். கதவுப் பக்கம் தார்ப்பாய் இறக்கி அதன் கீழே கொடி கட்டுங்கள். முக்கால்வாசி உலர்ந்ததும் தெருமுனை இஸ்திரி வண்டிக்குக் கொடுங்கள். கரிப்பெட்டிச் சூட்டில் மிச்ச ஈரமும் போய், மொறுமொறுவென்று திரும்பி வரும். ஜீன்ஸ், தடித்த போர்வை, துண்டு இவற்றைத் தை வரைக்கும் மூட்டை கட்டுங்கள். வேட்டி, காட்டன் புடவை, மெல்லிய ஈரிழைத் துண்டு போதும்.

கரண்ட், சமையல்

வெயில் நாளில் கூரையிலிருக்கும் 400 வாட் பேனல் ஒன்றரை யூனிட் தரும். வானம் இருட்டிக் கிடக்கும் நாளில் அதில் கால்வாசி வந்தாலே அதிகம். 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் நிற்பது சுமார் இரண்டரை யூனிட். சின்ன ஃபிரிட்ஜ் மட்டுமே நாளுக்கு அரை யூனிட் தின்றுவிடும். எனவே மழை இரண்டாவது நாளைத் தொட்டால் ஃபிரிட்ஜை அணைத்துவிடுகிறோம். விளக்கு, ஃபேன், போன் சார்ஜ் மட்டும். நவம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் பேனலையும் தெற்குப் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பொருத்துங்கள்.

மனைக்காரரின் லைனில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் இருக்க வேண்டும். ஈரத் தரையில் நின்று தகர உடம்பைத் தொடுகிற வீடு இது, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். இடி இடிக்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987, தண்ணீர் தேங்கினால் மாநகராட்சி 1913. இந்த இரண்டு எண்களையும் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டி வையுங்கள்.

புயல் அறிவிப்பு வந்ததும் பாலும் ரொட்டியும் மெழுகுவத்தியும் கடைகளில் மாயமாகிவிடும். பால் பவுடர், அரிசி நொய், பாசிப்பருப்பு, மிளகு, சுக்கு, வறுத்த அப்பளம் இருந்தால் மூன்று நாள் ஓடும். ஒரே குக்கரில் கஞ்சி, அப்புறம் மிளகு ரசம், அவ்வளவுதான். அடுப்பெரியும் நேரம் குறைந்தால் உள்ளே ஈரமும் குறைவு. மாவு ஆட்டிப் புளிக்க வைப்பது இந்தக் குளிரில் நேரம் பிடிக்கும், வாளியும் உள்ளே இடத்தை அடைக்கும், அதனால் கடை மாவு வாங்கிக்கொள்கிறோம். சமையல் கேஸ் காற்றைவிட கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டிக்கு அடியில் வெளியே திறக்கும் ஓட்டை இருக்கிறதா, சேறு அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு வாரமும் குனிந்து பாருங்கள். தீபாவளி அன்று சாயங்காலம் ரெகுலேட்டரை மூடி, கூரை வென்ட்டையும் மூடிவிடுவோம். ராக்கெட் எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. கார்த்திகை அகல் விளக்கு வாசற்படிக்கு வெளியே கல்லின் மேல், உள்ளே வேண்டாம்.

கொசு, எலி, கழிப்பறை

டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும், தெளிந்து நிற்கும் கொஞ்சம் தண்ணீரே அதற்குப் போதும். ஸ்டெப்னி டயர் உறையின் மடிப்பு, மடித்து வைத்த தார்ப்பாய், ஏசி தட்டு, சிங்க் தண்ணீர் பிடிக்கும் வாளி எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். முட்டை காய்ந்த பாத்திரத்திலும் ஒட்டிக்கொண்டு உயிரோடிருக்கும், அதனால் கொட்டினால் மட்டும் போதாது.

பொந்தில் தண்ணீர் ஏறினால் எலி மேட்டைத் தேடும். உங்கள் இன்ஜின் அறைதான் அதற்குக் கிடைக்கிற மேடு. வயர் நுழைகிற ஒவ்வொரு ஓட்டையிலும் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து அடையுங்கள். ராத்திரி இறங்கும்முன் படிக்குக் கீழே டார்ச் அடியுங்கள், ஷூவை உதறிப் போடுங்கள். பாம்பும் பூரானும் இந்தக் காலத்தில் காய்ந்த இடம் தேடித்தான் வரும். தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். ஒரு ஜோடி கம்பூட்ஸ் கதவருகில் இருக்கட்டும்.

வண்டிக் கழிப்பறையின் கேசட்டை (கழிவு சேரும், கழற்றி எடுக்கிற பெட்டி) கனமழைக்கு முன்பே காலி செய்யுங்கள். தரை ஊறிவிட்டால் செப்டிக் டேங்க் உள்வாங்காது, ஊற்றியது திரும்பி வரும்.

மார்கழியில் முதல் நல்ல வெயில் அடித்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போடுங்கள். மெத்தை, பாய், டிராயர், படிக்கட்டு விரிப்பு, ஒன்று விடாமல். அடித்தளத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவி, இரண்டு நாள் உலரவிட்டு, துரு பிடித்த இடத்தை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசுங்கள். கடற்காற்று அடிக்கிற திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் நிறுத்துகிறவர்கள் பிரேக் பைப்புகளையும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.