அட்டையில் ஒட்டிக்கொண்ட தாத்தா படம்

எங்கள் வீட்டுப் பழைய ஆல்பம், பசை தடவிய அட்டைமேல் பிளாஸ்டிக் தாள் மூடுகிற வகை. பசை மஞ்சளாகி, தாத்தா தன் சைக்கிள் கடை வாசலில் நிற்கும் படம் அட்டையோடு இறுகிவிட்டது. நகத்தால் கிளப்பப் பார்த்தேன், ஒரு மூலை மடங்கியதும் மனசு பதறிவிட்டது.

அப்புறம், எதற்கும் இருக்கட்டும் என்று ஆல்பத்தில் இருந்தபடியே போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, பல் இடுக்கு சுத்தம் செய்கிற டென்டல் ஃப்ளாஸ் நூலை (வாசனையோ மெழுகோ இல்லாதது) படத்துக்கு அடியில் விட்டு, ரம்பம் இழுப்பதுபோல மெதுவாக இழுத்தேன். கால் மணி நேரத்தில் முழுசாக வந்துவிட்டது. பின்பக்கம் பாட்டியின் கையெழுத்து: "கடை திறந்த அன்று. கடன் 400 ரூபாய்."

இந்தப் படத்துக்காக ஸ்கிராப்புக்கில் (படமும் குறிப்பும் வைத்து நாமே அலங்கரிக்கிற நினைவுப் புத்தகம்) நான் செய்ய நினைத்திருந்த பக்கத்தையே அந்த வரிதான் மாற்றியது. வாங்கி வைத்திருந்த பூ ஸ்டிக்கர், ஜிகினா எதுவும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன். அமிலம் இல்லாத தாள்; படத்துக்குப் பசை கிடையாது, நாலு முனையையும் தாளில் ஒட்டிய சின்னக் காகித மூலைகளில் செருகினேன். பாட்டியின் கையெழுத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கீழே, அத்தை சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதினேன்: "அம்மா வளையலை வித்துத்தான்டா அந்தக் கடனை அடைச்சாங்க."