பங்குத் தரகரிடம் கணக்கு வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் பெரியவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தரகரிடமிருந்து மின்னஞ்சலில் வரும் கான்ட்ராக்ட் நோட்டைத் (வாங்கியது, விற்றதன் விவரச் சீட்டு) திறக்கப் பான் எண்தான் கடவுச்சொல் என்பது தெரியாததால், ஓராண்டாக ஒன்றைக்கூட அவர் பார்த்திருக்கவில்லை. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தபோது, ஒரு லட்ச ரூபாய் பத்து முறை பங்குகளாக மாறி மீண்டும் பணமாகியிருந்தது தெரிந்தது. ஒவ்வொரு முறையும் "இதை விற்றுவிட்டு அதை வாங்குங்கள் சார்" என்று போனில் சொன்னவர் தரகரின் முகவர். அரை சதவீதம் வீதம் இருபது பரிவர்த்தனைகளுக்குப் புரோக்கரேஜ் (தரகுக் கட்டணம்) ஏறத்தாழ 10,000 ரூபாய், அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி 1,800 ரூபாய், வாங்கினாலும் விற்றாலும் 0.1 சதவீதம் பிடிக்கப்படும் பங்குப் பரிவர்த்தனை வரி 2,000 ரூபாய், வாங்கும்போது மட்டும் விதிக்கப்படும் 0.015 சதவீத முத்திரைத்தீர்வை 150 ரூபாய் என மொத்தம் 13,950 ரூபாய் கரைந்திருந்தது. புரோக்கரேஜில் பங்கு பெறும் ஒருவரின் பேச்சை நடுநிலையான ஆலோசனையாக நம்பியதுதான் அவர் செய்த பெரிய தவறு. கான்ட்ராக்ட் நோட்டைப் பார்க்காதது அதைப் பெருக விட்டது.

அடுத்த தவறு, தரகர் எப்போதும் நம் சார்பில்தான் செயல்படுகிறார் என்று எண்ணுவது. மும்பைப் பங்குச் சந்தை இருக்கும் தலால் ஸ்ட்ரீட்டின் பெயரிலுள்ள 'தலால்' தரகரைக் குறிக்கும் சொல்தான். பங்குச் சந்தையில் நாம் கொடுக்கும் ஆர்டரை அவர் நமக்காகச் செலுத்திக் கட்டணம் பெறுகிறார். கடன் பத்திரங்களிலோ அவரே தம் கையிருப்பிலிருந்து விற்கலாம். 98 ரூபாய்க்கு வாங்கிய பத்திரத்தை நமக்கு 100 ரூபாய்க்குக் கொடுத்தால், அந்த 2 ரூபாய் புரோக்கரேஜ் என்று எங்கும் தெரியாது, விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். "இதில் நீங்கள் எனக்காக வாங்கித் தரும் முகவரா, நீங்களே விற்பவரா?" என்று தரகரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். மியூச்சுவல் ஃபண்டிலும் இதே கேள்வி பொருந்தும்: ரெகுலர் திட்டத்தில் விநியோகஸ்தரின் கமிஷன் ஃபண்டின் செலவிலிருந்து போகிறது, 2013 ஜனவரி முதல் கிடைக்கும் டைரக்ட் திட்டத்தில் அது இல்லை.

'புரோக்கரேஜ் இல்லை' என்ற விளம்பரத்தோடு கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிடுவதும் தவறே. பங்கு வாங்க நமக்குக் கடன் கொடுத்துத் தரகர் வட்டி வாங்கலாம். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கிலிருந்து நாம் விற்கும் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கலாம். நீண்ட காலமாகவே, அதிக வர்த்தகம் செய்யும் தரகர்களுக்குப் பங்குச் சந்தைகள் குறைந்த கட்டணம் விதித்து வந்ததால், வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கிய வித்தியாசம் தரகரிடமே தங்கியது. 2024 அக்டோபர் 1 முதல் அனைவருக்கும் ஒரே கட்டணம் என, பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி மாற்றியபின் அந்த வருமானம் நின்றது. ஆகவே பழைய கட்டணப் பட்டியலை நம்பியிருக்காமல், இன்றைய பட்டியலை வாங்கிப் படிப்பது நல்லது.

வர்த்தகம் நடந்த 24 மணி நேரத்துக்குள் கான்ட்ராக்ட் நோட் வந்தாக வேண்டும். நாம் சொல்லாத வர்த்தகம் அதில் இருந்தால் அன்றே தரகருக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவித்து, தீர்வு கிடைக்காவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதிவு செய்ய வேண்டும்.